விக்கிப்பீடியா பக்கத்துல அரசியல் சாய்வைக் கண்டுபிடிக்கறது எப்படி, கோவப்படாம அதைத் திருத்தறது எப்படி

கோத்தகிரி பக்கம் எஸ்டேட் லைன்ல பொறந்து வளந்தவன் நான், ஏழெட்டு வருசமா தமிழ் விக்கிப்பீடியாவுலயும் கொஞ்சம் இங்கிலீஷ் விக்கிலயும் எழுதிட்டு இருக்கேன். நம்ம ஊரைப் பத்தி, நம்ம சனத்தைப் பத்தி, புடிச்ச கட்சியைப் பத்தி அதுல ஒரு வரி படிச்சுட்டு "யாருய்யா இப்படி எழுதி வச்சது"ன்னு வயிறு எரிஞ்சு என்கிட்ட கேக்கறவங்க நெறைய பேரு. ஒவ்வொருத்தருக்கும் போன்ல சொல்லி முடியல, மழை வந்தா இங்க டவரும் போயிடுது, அதனால மொத்தமா எழுதிடறேன்.

மொதல்ல எனக்கு நடந்ததைச் சொல்றேன், மத்த எல்லாமே அதுல இருந்துதான் கத்துக்கிட்டேன்.

எங்க அப்பாயி இலங்கைல ஹட்டன் பக்கம் தோட்டத்துல பொறந்தவங்க. 1970கள்ல தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேஸ்வரத்துல எறங்கி, மண்டபம் கேம்ப்ல இருந்துட்டு, அப்புறம் இந்த மலைக்கு வந்து டேன்டீங்கற அரசுத் தேயிலைத் தோட்டத்துல இலை பறிச்சவங்க. நீலகிரி தேயிலை பத்தின ஒரு பக்கத்துல "இலங்கை அகதிகள் இங்கு குடியேறினர்"ன்னு ஒரு வரி பாத்தேன். அகதிங்கற சொல்லைப் படிச்சதும் சுர்ருன்னு ஏறிடுச்சு. அப்பாயி அகதியா ஓடி வரல, 1964 அக்டோபர் 30ல லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் போட்ட ஒப்பந்தப்படி பேரு, போட்டோ, குடும்ப அட்டை எல்லாம் குடுத்து அனுப்பி வச்சவங்க. உடனே தொகு பட்டனை அமுக்கி "அகதிகள்" எடுத்துட்டு "தாயகம் திரும்பியோர்"ன்னு போட்டு, கீழ "இவர்களை அகதி என்பது கண்டனத்துக்குரியது"ன்னு ஒரு வரியும் சேத்துட்டேன். பத்து நிமிசத்துல தூக்கிட்டாங்க. திரும்பப் போட்டேன், திரும்பத் தூக்கினாங்க. யாரோ வேணும்னே எங்க சனத்தைக் கேவலப்படுத்தறாங்கன்னு ராத்திரி பூரா தூக்கம் வரல. காலைல பாத்தா உரையாடல் பக்கத்துல ஒருத்தர் ரொம்ப மரியாதையா ஒரே வரி எழுதியிருந்தார்: "நீங்கள் சொல்வது சரியாக இருக்கலாம், சான்று தாருங்கள்."

தகரப் பெட்டிக்குள்ள இருந்த குடும்ப அட்டையை எடுத்து போட்டோ புடிச்சேன், இதை விட என்ன சான்று வேணும்னு. அதுவும் செல்லாதுன்னுட்டாங்க. வீட்டுப் பெட்டில இருக்கற காகிதத்தை இன்னொருத்தர் போய் சரிபாக்க முடியாது, அச்சுல வெளிவந்ததா இருக்கணும், அதான் அங்க சட்டம். அன்னிக்கு அது அநியாயமாத்தான் தெரிஞ்சுது. இன்னிக்கும் பாதி அநியாயம்னுதான் நெனைக்கறேன், அது ஏன்னு பின்னாடி வர்றேன்.

சரி, வேலைக்கு வருவோம்.

பக்கத்தோட பின்பக்கத்தை மொதல்ல பாருங்க

ஒரு பக்கம் சாய்வா இருக்குன்னு தோணினா உடனே கை வைக்காதீங்க. மேல உரையாடல், வரலாறுன்னு ரெண்டு டேப் இருக்கும், மொபைல்ல வரலாறு கடிகாரப் படமா கூட வரும், இந்த ரெண்டையும் தொறந்து படிங்க. நூத்துக்குத் தொண்ணூறு பேர் இதைத் தொறக்கறதே இல்ல. வரலாறுல யார் எப்ப எந்த எழுத்தை மாத்தினாங்கன்னு 2001ல விக்கிப்பீடியா தொடங்கின காலத்துல இருந்து ஏறக்குறைய எல்லாம் இருக்கும், தமிழ் விக்கி 2003ல தொடங்கினது. அதுல நான் பாக்கறது மூணு விசயம். ஒரே ஆள் முக்கால்வாசி பக்கத்தை எழுதியிருக்காரா, எக்ஸ்டூல்ஸ்ங்கற கருவில பக்கத்தோட பேரைக் குடுத்தா யாரோட பங்கு எவ்வளவுன்னு சதவீதத்தோட வந்துடும். ரெண்டாவது, தேர்தல் சமயத்துல, இல்ல ஒரு தீர்ப்பு வந்த வாரத்துல, திடீர்னு புதுக் கணக்குங்க வந்து எழுதியிருக்காங்களா. மூணாவது, வந்தவங்க அந்த ஒரு பக்கத்தைத் தவிர வேற எங்கயும் எழுதாதவங்களா. மூணும் சேந்து இருந்தா அங்க யாரோ ஒரு நோக்கத்தோட வேலை பாத்திருக்காங்கன்னு சந்தேகப்படலாம், ஆனா சந்தேகம் மட்டும்தான், அதை வச்சு யாரையும் ஐடி விங்னு திட்டக்கூடாது. நீங்களும் அப்படி ஒரு புதுக் கணக்காத்தான் வந்து நிக்கப் போறீங்க.

இதெல்லாம் வெறும் சந்தேகம் இல்ல, நடந்திருக்கு. 2007ல விர்ஜில் கிரிஃபித்னு ஒருத்தர் விக்கிஸ்கேனர்னு ஒரு கருவி செஞ்சார், லாகின் பண்ணாம எழுதினவங்களோட ஐ.பி. நம்பரை வச்சு எந்த ஆபீஸ் கம்ப்யூட்டர்ல இருந்து எழுதினாங்கன்னு காட்டிடும், அரசாங்க ஆபீஸ், பெரிய கம்பெனின்னு வரிசையா வெளிய வந்துச்சு.

உரையாடல் பக்கத்துல பழைய சண்டை எல்லாம் இருக்கும், பொறுமையா படிங்க. நீங்க சொல்ல நெனைச்சதை 2011லயே ஒருத்தர் சொல்லி, அதுக்குப் பதிலும் வந்து, ரெண்டு பக்கமும் ஒத்துக்கிட்ட ஒரு வரியா அது இருக்கலாம். அந்த வரியைப் போய் நீங்க கலைச்சா மறுபடி மொதல்ல இருந்து சண்டை.

சொல்லைப் பாருங்க, வினைமுற்றையும் பாருங்க

இது நம்ம மொழிக்கே உள்ள விசயம். இங்கிலீஷ்ல இல்லாத ஒரு சாய்வு தமிழ்ல விகுதிலயே ஒளிஞ்சுக்கும். "துரை பங்களா கட்டினார்", அடுத்த வரில "கூலியாள் கல் சுமந்தான்". ஒரு பக்கத்துல யாருக்கு ஆர், யாருக்கு ஆன்னு மட்டும் பென்சில்ல குறிச்சுப் பாருங்க, எழுதினவர் யாரை மனுசனா பாத்தார்னு தெரிஞ்சுடும். அதே மாதிரி பட்டப்பேரு. நம்ம ஊர்ல தலைவர்களுக்குப் பட்டம் இல்லாம பேரே சொல்றதில்ல, ஒரு கட்சித் தலைவருக்கு எல்லா இடத்துலயும் பட்டத்தோட, எதிர்க்கட்சிக்காரருக்கு வெறும் பேருன்னு இருந்தா அது கலைக்களஞ்சியக் கட்டுரை இல்ல, போஸ்டர். கட்டுரைல முழுப்பேரை ஒரு தடவை, பட்டம் இருக்குன்னு ஒரு தடவை சொல்லிட்டு அப்புறம் எல்லாருக்கும் ஒரே மாதிரி போகணும்.

அப்புறம் "ஒப்புக்கொண்டார்", "அம்பலப்படுத்தினார்", "மழுப்பினார்", "தெளிவுபடுத்தினார்". நாலுமே "சொன்னார்"தான், ஆனா ஒவ்வொண்ணும் உங்க கையைப் புடிச்சு ஒரு பக்கம் இழுக்குது. இதையெல்லாம் "கூறினார்"னு மாத்தறது ரொம்பச் சின்ன திருத்தம், யாரும் சண்டைக்கு வர மாட்டாங்க, புதுசா வர்றவங்க இதுல இருந்து ஆரம்பிக்கலாம்.

"கண்டுபிடித்தார்"ங்கறதுக்கு நம்ம மலையையே எடுத்துக்கோங்க. ஜான் சல்லிவன் 1819ல இந்த மலைக்கு ஏறினவர், ஊட்டில ஸ்டோன் ஹவுஸ் கட்டினவர், அது இப்ப அரசு கலைக்கல்லூரி வளாகத்துக்குள்ள இருக்கு. அவர் ஊட்டியைக் கண்டுபிடிச்சார்னு எழுதினா அப்ப தோடர் பழங்குடியோட மந்து, அதாவது அவங்க குடியிருப்பு, எல்லாம் ஆளில்லாமயா இருந்துச்சு? 1117ஆம் வருசத்து ஹொய்சாளர் கல்வெட்டுலயே தோடர் பேரு வருது. வெள்ளைக்காரங்க கணக்குப்படி பாத்தாலும் 1603லயே ஃபெனிசியோங்கற பாதிரியார் மேல வந்து தோடரைப் பாத்துட்டுப் போயிட்டார். அதனால "கண்டுபிடித்தார்" தப்பு, "1819ல் இங்கு வந்தார்" சரி. ஆனா இதைத் திருத்தற வேகத்துல சல்லிவனை வில்லனாக்கினா அதுவும் சாய்வுதான். மலை நிலம் தோடருக்கு உரியது, எடுத்தா அவங்களுக்கு ஈடு தரணும்னு கவர்ன்மெண்ட்டோட வாதாடினவரும் அவரே, அவங்க கிட்ட இருந்து குறைஞ்ச விலைக்கு நிறைய நிலம் வாங்கினவரும் அவரே. ரெண்டும் இருக்கணும்.

சொல்லாம விட்டதுதான் பெருசு

எழுதியிருக்கறதுல உள்ள சாய்வைக் கண்டுபிடிக்கறது சுலபம், கண்ணுக்குத் தெரியும். எழுதாம விட்டதைக் கண்டுபிடிக்கறதுக்கு அந்த ஊர்க்காரங்களே வேணும், அதனாலதான் நீங்க எழுத வரணும்னு கேக்கறேன். தோடர் பத்தி 1906லயே டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ் பெரிய புத்தகம் போட்டார், அதுக்கப்புறம் எமனோங்கற மொழியியலாளர் அவங்க மொழியை ஆராய்ஞ்சார், போட்டோ, பாட்டு, எருமை, சால்வை எம்பிராய்டரின்னு எழுதறதுக்கு அவ்வளவு சான்று கெடக்கு. அவங்க இருக்கறது ரெண்டாயிரம் பேர் வாக்கில. அதை விடப் பல மடங்கு ஆள் இருக்கற பணியரைப் பத்தி, கூடலூர் பக்கம் வயல்லயும் எஸ்டேட்லயும் தலைமுறை தலைமுறையா கொத்தடிமை மாதிரி வேலை செஞ்ச சனத்தைப் பத்தி, எழுதணும்னா சான்று தேடி அலையணும். யாரும் திட்டம் போட்டு ஒதுக்கல, புத்தகம் எழுதினவங்க யாரைப் பாக்க மலையேறினாங்களோ அவங்க மட்டும் பதிவாயிட்டாங்க. கலைக்களஞ்சியம் புத்தகத்தை நம்பி நிக்குது, அதனால புத்தகத்துல இருக்கற ஓட்டை அப்படியே இங்கயும் வந்துடுது. நான் பாதி அநியாயம்னு சொன்னது இதைத்தான். சான்று கேக்கறது நியாயம், சான்று யார்கிட்ட இருக்குங்கறதுல நியாயம் இல்ல.

எவ்வளவு இடம் குடுத்திருக்காங்கன்னும் பாருங்க. ஒரு எம்.எல்.ஏ. பக்கத்துல அவர் முப்பது வருச அரசியலுக்கு நாலு வரி, ஒரு வழக்குக்கு நாப்பது வரின்னா எல்லாமே உண்மையா இருந்தாலும் பக்கம் சாஞ்சிருக்கு. "சர்ச்சைகள்"னு தனியா ஒரு தலைப்புப் போட்டு எல்லாத்தையும் அதுல கொட்டறதும் அப்படித்தான், அந்தந்த வருசத்து நிகழ்ச்சியோட சேத்து எழுதினா பாதி விசம் எறங்கிடும். உயிரோட இருக்கறவங்க பத்தி எழுதும்போது இன்னும் கவனம், சான்று இல்லாத குத்தச்சாட்டை யார் வேணும்னாலும் உடனே எடுத்துடலாம், எடுக்கணும்.

சான்றுக்குள்ள போய்ப் பாருங்க

வரிக்குப் பின்னாடி சின்ன நம்பர் இருந்தா நம்பிடாதீங்க, அமுக்குங்க. நான் பாத்ததுல அடிக்கடி வர்றது: சான்றுல ஒண்ணு இருக்கும், வரில வேற ஒண்ணு இருக்கும். "இருக்கலாம் என்று ஒரு அதிகாரி கூறினார்"ன்னு பேப்பர்ல வந்தது இங்க "இருந்தது"ன்னு ஆயிடும். இன்னொண்ணு சுத்திச் சுத்தி வர்றது, விக்கில யாரோ சான்றில்லாம எழுதினதை ஒரு பேப்பர் எடுத்துப் போடும், அப்புறம் அந்தப் பேப்பரையே விக்கில சான்றா குடுப்பாங்க. இதைப் புடிக்க தேதியைப் பாருங்க, வரி பக்கத்துல மொதல்ல வந்த தேதிக்கு அப்புறம் வந்த செய்தின்னா உசாராயிடுங்க. விக்கிபிளேம்னு ஒரு கருவி இருக்கு, ஒரு சொல்லைக் குடுத்தா அது எந்தத் தொகுப்புல உள்ள வந்துச்சுன்னு தேடிக் குடுக்கும்.

மலைக்காரங்க முக்கியமா தெரிஞ்சுக்க வேண்டியது பழைய வெள்ளைக்காரப் புத்தகம் பத்தி. கிரிக் 1880ல எழுதின நீலகிரி மேனுவல், பிரான்சிஸ் 1908ல போட்ட கெசட்டியர் எல்லாம் இன்டர்நெட் ஆர்கைவ்ங்கற வலைத்தளத்துல இலவசமா கிடைக்குது, ரோடு எப்ப போட்டாங்க, எந்த வருசம் எந்தத் தாலுகா சேந்துச்சுன்னு எழுத நல்லாவே உதவும். ஆனா சாதி, பழங்குடி பத்தி அந்தக் காலத்து ஆபீசருங்க எழுதினதை இங்கிலீஷ் விக்கில இப்ப நம்பகமான சான்றா ஏத்துக்கறதில்ல. மண்டை ஓட்டை அளந்து மனுசங்களைத் தரம் பிரிச்ச காலம் அது, எட்கர் தர்ஸ்டன் இதே மலைல தோடரையும் கோத்தரையும் படுகரையும் அளந்துட்டுப் போனவர். உங்க சனத்தைப் பெருமையா சொல்லுதுன்னு அதுல இருந்து ஒரு வரியை எடுத்தா, பக்கத்து சனத்தைக் கேவலமா சொல்ற வரியையும் இன்னொருத்தர் எடுத்துட்டு வருவார். தெற்காசிய சாதி, சமூகக் குழு பக்கங்களுக்கு அங்க தனிக் கட்டுப்பாடே இருக்கு, சண்டை போட்டா சீக்கிரம் தடை பண்ணிடுவாங்க.

பேரு யார் வச்சதுன்னு எழுதிட்டா பாதி சண்டை முடிஞ்சுது

திருத்தறதுல எனக்குத் தெரிஞ்ச ஒரே பெரிய வித்தை இதுதான். நடந்ததை நடந்த மாதிரி எழுதிடணும், கருத்தா இருந்தா யாரோட கருத்துன்னு சொல்லிடணும்.

படுகர் மொழியை எடுத்துக்கோங்க. கன்னடத்தோட வட்டார வழக்குன்னு ஒரு கூட்டம், தனி மொழின்னு ஒரு கூட்டம், ரெண்டு பேரும் மாத்தி மாத்தி அழிச்சு எழுதிட்டு இருந்தா எந்தக் காலத்துலயும் தீராது. இப்படி எழுதிப் பாருங்க: "இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு படுகர் மொழியைக் கன்னடத்தின் கீழ் சேர்த்துக் கணக்கிடுகிறது. ஐ.எஸ்.ஓ. 639-3 பட்டியலில் அதற்குத் தனி மொழிக் குறியீடு உள்ளது." ரெண்டும் யாராலயும் மறுக்க முடியாத உண்மை, படிக்கறவர் தானே முடிவு பண்ணிக்குவார். படுகர் எங்க இருந்து வந்தாங்கங்கறதும் அதே மாதிரி. 1565 தலைக்கோட்டைப் போருக்கு அப்புறம் மைசூர்ப் பக்கத்துல இருந்து மேல வந்தவங்கன்னு பால் ஹாக்கிங்ஸ் மாதிரி மானுடவியல் ஆய்வாளருங்க எழுதியிருக்காங்க, இந்த மண்ணோட பூர்வகுடிதான்னு சமூகத்துக்குள்ள பலர் சொல்றாங்க. பின்னால பழங்குடிப் பட்டியல் கோரிக்கை இருக்கறதால இது வெறும் வரலாறு இல்ல, அரசியல். 1931 சென்சஸ்ல பழங்குடின்னு இருந்ததுன்னு கோரிக்கை வைக்கறவங்க சொல்றாங்க, இன்னிக்கு அரசுப் பட்டியல்ல பிற்படுத்தப்பட்டோர். யார் சொன்னது, எந்த வருசம்னு பேரு போட்டு எழுதிட்டா எந்தப் பக்கத்துக்காரரும் "என்னை விட்டுட்டாங்க"ன்னு சொல்ல முடியாது. ஒரு விசயம் மட்டும் கவனிங்க, ரெண்டு பக்கமும் எழுதறதுன்னா ரெண்டுக்கும் சரிபாதி இடம்னு அர்த்தம் இல்ல. ஆய்வு எந்தப் பக்கம் அதிகமா இருக்கோ அதுக்கு அதிக இடம், இது நமக்குப் புடிக்காட்டியும்.

சீகூர் யானை வழித்தடம் இன்னும் கஷ்டம், மசினகுடி பக்கம் இதைப் பேசினா டீக்கடைலயே ரெண்டு அணி. ஒருத்தர் எழுதுவார், "யானைப் பாதையை ஆக்கிரமித்த சட்டவிரோத விடுதிகள்". இன்னொருத்தர், "தலைமுறைகளாக வாழும் மக்களை விரட்டும் வனத்துறை". முதல் ஆளுக்கு அங்க இருக்கற வீடு எல்லாம் ரிசார்ட்டாத் தெரியுது, ரெண்டாவது ஆளுக்கு ரிசார்ட் எல்லாம் வீடாத் தெரியுது. நான் எழுதினா இப்படி வரும்: "2010இல் தமிழ்நாடு அரசு சீகூர் பீடபூமியில் யானை வழித்தடத்தை அறிவித்தது. 2011 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது, 2020 அக்டோபர் 14 அன்று உச்ச நீதிமன்றமும் உறுதி செய்து, நில உரிமையாளர்களின் ஆட்சேபங்களைக் கேட்க ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் குழு அமைத்தது." இதுல வேகம் இல்ல, படிச்சா கை தட்டத் தோணாது, ஆனா யானைக்காக நிக்கறவரும் மாவனல்லாவுல நெலம் வச்சிருக்கறவரும் ஒரே வரியைப் படிச்சுட்டு "ஆமா இப்படித்தான் நடந்துச்சு"ன்னு சொல்லுவாங்க. அதுக்கப்புறம் தனிப் பத்தில ரெண்டு தரப்பு வாதமும், பேரோட.

கூடலூர் ஜென்ம நிலம், அதாவது ஜென்மிங்கற பழைய நிலக்கிழார் முறைல இருந்த நிலம், அது பத்தியும் இப்படியே, 1969 ஒழிப்புச் சட்டம் என்ன சொல்லுதோ அதை மொதல்ல, அப்புறம் அவங்கவங்க பேச்சு. சுருக்கமா விடறேன், அது தனியா எழுத வேண்டிய சமாச்சாரம்.

இப்ப எங்க அப்பாயி வரிக்கு வர்றேன். "அகதி" தப்புன்னு சண்டை போட்டேன் இல்ல, சான்று தேடப் போனப்பதான் ஒண்ணு ஒறைச்சுது, நான் புடிச்சுக்கிட்டு நின்ன "தாயகம் திரும்பியோர்"ங்கற சொல்லும் கவர்ன்மெண்ட் வச்ச பேருதான். அப்பாயிக்குத் தாயகம் எது? அவங்க பொறந்தது இலங்கை, அவங்க அம்மா பொறந்ததும் அங்கதான், இந்தியாவை மொதல் தடவையா பாத்ததே ராமேஸ்வரத்துலதான். "திரும்பி"ங்கற சொல்லு அவங்களுக்குப் பொருந்தவே இல்ல. நான் நடுநிலைன்னு நெனைச்ச சொல்லே ஒரு ஒப்பந்தத்தை நியாயப்படுத்தற சொல்லுன்னு தெரிஞ்சப்ப ரொம்ப நேரம் கம்ப்யூட்டர் முன்னாடி சும்மா உக்காந்திருந்தேன்.

கடைசியா உரையாடல் பக்கத்துல நாலு நாள் பேசி நிலைச்ச வரி இது: "இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென 1964 ஒப்பந்தம் முடிவு செய்தது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும், எஞ்சிய 1,50,000 பேர் பற்றிப் பின்னர் முடிவு செய்வதென்றும் ஏற்கப்பட்டது. இந்திய அரசு ஆவணங்கள் இவ்வாறு வந்தவர்களைத் தாயகம் திரும்பியோர் என்று குறிப்பிடுகின்றன. அவர்களுக்கு வேலை அளிக்க 1968 முதல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் உருவாக்கப்பட்டன." மொதல்ல என் வரியைத் தூக்கினவரே இதுக்கு ரெண்டு சான்று தேடிக் குடுத்தார். கண்டனம்னு ஒரு சொல் கூட இல்ல, ஆனா நான் கோவத்துல எழுதினதை விட இது பலமா நிக்குது.

சண்டைல எப்படி நடந்துக்கணும்

கணக்கு ஒண்ணு தொடங்கி லாகின் பண்ணி எழுதுங்க, மொதல்ல மணல்தொட்டில, அதாவது எழுதிப் பழகறதுக்குன்னே இருக்கற பக்கத்துல, பழகுங்க. பெரிய பத்தியை ஒரே அடியா மாத்தாதீங்க, ஒரு வரி மாத்தி, கீழ தொகுப்புச் சுருக்கத்துல என்ன பண்ணீங்க ஏன் பண்ணீங்கன்னு எழுதி, சேமிச்சுட்டு அடுத்த வரிக்குப் போங்க, ஒண்ணு தூக்கப்பட்டாலும் மத்தது நிக்கும். தூக்கிட்டாங்கன்னா திரும்பப் போடாதீங்க, உரையாடல் பக்கத்துக்குப் போங்க. இங்கிலீஷ் விக்கில 24 மணி நேரத்துல ஒரே பக்கத்துல மத்தவங்க மாத்தினதை மூணு தடவைக்கு மேல பழையபடி ஆக்கினா, நீங்க சொல்றது சரியா இருந்தாலும் தடை விழும். ரெண்டு பேருக்குள்ள முடியலன்னா தமிழ் விக்கில ஆலமரத்தடி இருக்கு, பஞ்சாயத்து மாதிரிதான், அங்க வைங்க.

செய்யவே கூடாதது ஒண்ணு. வாட்ஸ்அப் குரூப்ல லிங்க்கைப் போட்டு "எல்லாரும் போய் மாத்துங்க"ன்னு ஆளைத் திரட்டறது. அங்க ஓட்டெடுப்பு இல்ல, எத்தனை பேர் வந்தாலும் சான்றுதான் பேசும், திரட்டினது தெரிஞ்சா மொத்தமா பூட்டிடுவாங்க, உங்க நியாயமும் அதோட போயிடும். அதே மாதிரி நீங்க ஒரு கட்சில பொறுப்புல இருந்தா அந்தக் கட்சிப் பக்கத்துலயும் எதிர்க்கட்சிப் பக்கத்துலயும் நேரா எழுதாதீங்க, உரையாடல் பக்கத்துல "நான் இன்னார், இது தப்பு, இந்தா சான்று"ன்னு போடுங்க, வேற யாராவது பாத்து சேப்பாங்க. காசு வாங்கிட்டு எழுதினா அதை வெளிப்படையாச் சொல்லணும்னு 2014ல இருந்து விக்கிமீடியா விதியே இருக்கு.

சேமிக்கறதுக்கு முன்னாடி நான் தினமும் பண்ற சோதனை: எழுதின வரில கட்சிப் பேரை மட்டும் மாத்திப் போட்டு சத்தமா படிப்பேன். எனக்குப் புடிச்ச கட்சி செஞ்சிருந்தா இதே சொல்லைப் போட்டிருப்பேனான்னு. ரெண்டு தடவைக்கு ஒரு தடவை சொல்லை மாத்த வேண்டி வருது.

எதிர்க்கருத்துக்காரரை விரட்டறது நமக்கே நஷ்டம், இதுக்கு ஆராய்ச்சி இருக்கு. ஷேன் கிரீன்ஸ்டைனும் ஃபெங் ஜூவும் அமெரிக்க அரசியல் பத்தின விக்கி கட்டுரைங்களை பிரிட்டானிகாவோட ஜோடி போட்டு, ஏறக்குறைய 4,000 ஜோடி, பாத்தாங்க, 2018ல வெளிவந்துச்சு. விக்கில சாய்வு அதிகமாத்தான் இருந்துச்சு, ஆனா அதிக தடவை திருத்தின கட்டுரைல அந்த வித்தியாசம் குறைஞ்சுது. 2019ல இன்னொரு ஆய்வு, ரெண்டு அரசியல் பக்கத்து ஆளுங்களும் கலந்து எழுதின பக்கம் ஒரே பக்கத்து ஆளுங்க எழுதினதை விடத் தரமா இருக்குன்னு காட்டுச்சு. ஒரே மாதிரி ஆளுங்க கைல சிக்கினா என்ன ஆகும்னு பாக்கணும்னா குரோஷிய மொழி விக்கியைப் பாருங்க, கொஞ்சம் நிர்வாகிங்க சேந்து பல வருசம் அதை ஒரு பக்கமா இழுத்துட்டுப் போனாங்க, 2013ல அந்நாட்டுக் கல்வி அமைச்சரே மாணவர்கள் அதை நம்ப வேண்டாம்னு சொல்ற நிலைமை, 2021ல விக்கிமீடியாவே அதைப் பத்தி அறிக்கை போட்டுச்சு. தமிழ் விக்கில ஒன்றரை லட்சம் கட்டுரைக்கு மேல இருக்கு, தொடர்ந்து எழுதறவங்க கொஞ்சம் பேர்தான். அதனால நமக்கு இந்த ஆபத்து தூரத்து விசயம் இல்ல, ஆள் கூடக் கூட நல்லது, அதுவும் பல கருத்துள்ள ஆள்.

திருத்தி முடிச்ச பக்கத்தை நட்சத்திரத்தை அமுக்கி கவனிப்புப் பட்டியல்ல சேத்துடுங்க, யார் மாத்தினாலும் அங்க தெரியும். வாரத்துக்கு ஒருக்கா பாத்தா போதும். அதே பக்கத்தை இங்கிலீஷ், கன்னடம், மலையாளத்துலயும் ஒரு தடவை தொறந்து பாருங்க, கூடலூரைப் பத்தி மலையாளத்துல என்ன விட்டிருக்காங்க, தமிழ்ல என்ன விட்டிருக்காங்கன்னு ஒப்பிட்டாலே அடுத்த வேலை கிடைச்சுடும்.

என்னோட அடுத்த வேலை பணியர் பக்கம். முத்தோரை பாலாடால இருக்கற பழங்குடியினர் ஆய்வு மையத்துல என்ன அச்சாகியிருக்குன்னு பாக்கணும், தமிழ் மின்னூலகத்துலயும் தேடணும். கூடலூர், பந்தலூர் பக்கம் இருக்கறவங்க யார்கிட்டயாவது பழைய பேப்பர் கட்டிங், ஊர் மலர், சங்கத்து ஆண்டறிக்கை, காலேஜ்ல எழுதின ஆய்வேடு இருந்தா தூக்கிப் போட்டுடாதீங்க. பேரு, தேதி, பக்க எண் தெரியற மாதிரி போட்டோ புடிச்சு வைங்க.